வெல்ஷ் பேச்சுப் பயிற்சி விளையாட்டு: மார்ச் 31-க்குள் இன்னும் 2,330 பவுண்டு வேண்டும்

வேல்ஸில் வாழும், வேல்ஸோடு உறவுள்ள தமிழ் அன்பர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். வெல்ஷ் மொழி கற்கும் பெரியவர்களும், வெல்ஷ் வழிப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரும் வாய்விட்டுப் பேசிப் பழகுவதற்கென்று ஒரு கைப்பேசி விளையாட்டை எங்கள் குழு உருவாக்கி வருகிறது. மொத்தச் செலவு 9,800 பவுண்டு. எங்கள் கார்மார்தன்ஷயர் மாவட்டத்து அறக்கட்டளை ஒன்று அதில் 4,000 தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: மீதி 5,800-ஐ மார்ச் 31-க்குள் நாங்கள் திரட்டிக் கணக்கில் காட்ட வேண்டும். இதுவரை வந்தது 3,470. இன்னும் 2,330 பவுண்டு வராவிட்டால் அந்த 4,000-மும் கைவிட்டுப் போகும். இரவு தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கணக்குதான்.

வெல்ஷ் கற்க இன்று வழிகள் நிறைய இருக்கின்றன. தேசிய வெல்ஷ் கற்றல் மையம் நாடு முழுவதும் வகுப்புகள் நடத்துகிறது. பிள்ளைகளுக்கு வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்4சி-யின் ‘கிவ்’ நிகழ்ச்சிகளும் செயலிகளும் உண்டு. பாடத்துக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். செவ்வாய்க்கிழமை மாலை இங்கே ஒரு சிற்றாலயத்தின் பின்னறையில் கூடும் வகுப்பையே பாருங்கள். இரண்டு மணி நேரம் உற்சாகமாகப் பேசுகிறார்கள். மறுநாள் கடைக்குப் போய் ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார்கள், பாதியில் தயங்குகிறார்கள். கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். அத்தோடு அடுத்த செவ்வாய்வரை வாய் பூட்டிக்கொள்கிறது. வருடக்கணக்கில் படித்தும் பேசத் துணியாதவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மொழி தெரியும், கூச்சம்தான் விடவில்லை.

விளையாட்டு அந்தக் கூச்சத்தை உடைக்கிறது. திரையில் ஒரு சிறிய ஊர் வருகிறது: ரொட்டிக்கடை, மருத்துவமனை, பஸ் நிறுத்தம், பள்ளி வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வெல்ஷில் ஏதோ கேட்பார். விளையாடுபவர் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்து தப்பிக்க முடியாது. தவறினால் மறுபடி சொல்லலாம், பத்து முறை சொன்னாலும் சிரிக்க ஆள் இல்லை. வடக்கத்தி வெல்ஷ், தெற்கத்தி வெல்ஷ் இரண்டுக்கும் குரல்கள் உண்டு. பாலுக்கும் பாட்டிக்கும்கூட வடக்கே ஒரு சொல், தெற்கே வேறொரு சொல் வழங்கும் மொழி இது. ‘பூனை’ என்ற சொல்லின் முதல் ஒலி, ‘என் பூனை’ என்னும்போது மூக்கொலியாகிவிடும். ‘அவள் பூனை’ என்னும்போது தொண்டையில் உரசும். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. நம் மொழியில் பெரும்பாலும் சொல்லின் வாலில் நிகழ்வது அங்கே சொல்லின் தலையில் நிகழ்கிறது, அவ்வளவுதான். விதியைப் பலகையில் எழுதி விளக்கினால் வகுப்பு அயர்ந்துபோகிறது. அதையே பந்தயமாக்கிக் காகித அட்டைகளில் விளையாடிப் பார்த்தபோது, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் மேசையைத் தட்டி இன்னொரு சுற்று கேட்டார்.

எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரு தெருவை முடித்தால் அடுத்த தெரு தானாகத் திறக்காது. திரையில் பழகிய வாக்கியத்தை நிஜக் கடையில் நிஜ மனிதரிடம் சொல்ல வேண்டும். வெல்ஷ் பேசுவோர் அணியும் ஆரஞ்சு நிறச் சின்னத்தைக் குத்திக்கொண்டிருக்கும் கடைக்காரர், ஆங்கிலத்துக்கு மாறாமல் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒரு குறியெண் தருவார். அந்த எண்ணைப் போட்டால்தான் அடுத்த தெரு. எங்கள் கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடையும் ஒரு மருந்துக்கடையும் இதற்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டன. கைப்பேசிக்குள்ளேயே முடிந்துபோகும் விளையாட்டுக்காக நாங்கள் யாரிடமும் கையேந்த மாட்டோம்.

“மொழி கற்பிக்கும் டூயோலிங்கோ செயலி இருக்கிறதே, இது எதற்கு?” என்று பலர் கேட்கிறார்கள். அதன் வெல்ஷ் பாடம் 2016-இல் தன்னார்வலர்களின் உழைப்பால் வந்தது. எத்தனையோ பேருக்கு முதல் வாசலைத் திறந்துவிட்டது, அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் 2023-இல் அந்த நிறுவனம் வெல்ஷ் பாடத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பாடம் இருக்கிறது, வளரவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் எப்போது நிற்கும் என்பது தோட்டக்காரர் முடிவு. ஆகவேதான் எங்கள் விளையாட்டின் நிரலும் குரல் பதிவுகளும் பொதுச் சொத்தாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியாகும் என்பதில் உறுதியாக இருக்கிறோம். அதற்கான அடித்தளமும் பொதுவில் கிடைக்கிறது. பாங்கர் பல்கலைக்கழகத்தார் வெல்ஷ் பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் 2018-இல் ஆங்கிலத்தைத் தாண்டிப் பிற மொழிகளுக்குக் குரல் திரட்டத் தொடங்கியபோது முதலில் சேர்ந்தவற்றில் வெல்ஷும் ஒன்று. பிறகு தமிழும் சேர்ந்தது.

இந்த மண்ணில் மொழிக்கான நிறுவனங்கள் எப்படி எழுந்தன என்பதை எங்கள் குழுவின் பெரியவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்கள். சொல்லும்போது குரல் உயர்ந்துவிடும். உயரட்டும், அந்தப் பெருமை நியாயமானது. இதே கார்மார்தன்ஷயரில், லான்தவ்ரோர் என்ற சிற்றூரின் பாதிரியார் கிரிஃபித் ஜோன்ஸ் 1730-களில் சுற்றுப் பள்ளிகளைத் தொடங்கினார். ஓர் ஆசிரியர் ஒரு கிராமத்தில் சுமார் மூன்று மாதம் தங்குவார். வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து உட்கார்ந்து வெல்ஷ் வேதாகமத்தைப் படிக்கக் கற்பார்கள். பிறகு ஆசிரியர் அடுத்த ஊருக்கு நகர்வார். 1761-இல் அவர் மறைவதற்குள் இப்படி 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்துவிட்டன. எல்லாம் நன்கொடை. அவரும் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு நன்கொடையாளர்களுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். லாக்ஹார்ன் ஊரைச் சேர்ந்த பிரிட்ஜெட் பெவன் அம்மையார் அவருக்குத் துணையாக நின்று, அவருக்குப் பின்னும் பள்ளிகளை நடத்தினார். 1872-இல் அபெரிஸ்ட்வித்தில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தபோது அரசின் மானியம் இல்லை. சிற்றாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை வசூலித்த சில்லறைக் காசுகள் அதைக் காப்பாற்றின. 1884-இல் பாங்கர் கல்லூரிக்குக் கல்குவாரித் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். ஆளில்லாமல் கிடந்த குவாரிக் கிராமமான நான்ட் குர்தேர்ன் 1978-இல் ஓர் அறக்கட்டளையால் வாங்கப்பட்டு வெல்ஷ் கற்கும் மையமாக மாறியதும் பொதுமக்கள் காசில்தான். தூசி படிந்த கையால் கொடுத்த காசு இன்றும் நிற்கிறது.

இன்னொரு நினைவும் உண்டு, அது கசப்பானது. 19-ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டினார்கள். வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசினால் அது அந்தக் கழுத்துக்கு மாறும். பள்ளி முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. பிள்ளைகளை ஒருவரையொருவர் ஒட்டுக்கேட்க வைத்த கொடுமை அது. எங்கள் விளையாட்டிலும் ஒரு மரத்துண்டு கைமாறுகிறது. வெல்ஷில் பேசியவருக்குத்தான் அது போகும். வாரக் கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அவர் வகுப்புக்கு மதிப்பெண். இந்த யோசனையைச் சொன்னவர் வகுப்பின் மூத்த மாணவி. சொல்லும்போது அவர் கண் கலங்கியதை அங்கிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தோம்.

1911-இல் வெல்ஷ் பேசியவர்கள் 9,77,000-க்கும் மேல். 2021 கணக்கெடுப்பில் சுமார் 5,38,000, மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. கார்மார்தன்ஷயரில் மட்டும் பத்தே ஆண்டுகளில் 43.9-லிருந்து 39.9 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. கற்பவர்கள் பேசுபவர்களாக மாறாமல் அந்த எண் எங்கிருந்து வரும்?

தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இதே மாவட்டத்தில் ஸ்கந்தவேல் ஆலயத்தில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். 1973 முதல் இந்த மலைச்சரிவு அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறது. லண்டனிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து கும்பிட்டுப் போகிறோம். வழியெல்லாம் சாலைப் பலகைகளில் இருக்கும் மொழியில் நமக்கு எத்தனை சொல் தெரியும்? இங்குள்ள மருத்துவமனைகளில் நம்மவர்கள் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் வேலை பார்க்கிறார்கள். மறதிநோய் முற்றிய முதியவர்களில் சிலர் ஆங்கிலத்தை இழந்து பிள்ளைப்பருவ வெல்ஷுக்கே திரும்பிவிடுகிறார்கள். எங்கள் காகித விளையாட்டில் பழகிய திருநெல்வேலிச் செவிலியர் ஒருவர், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு மூதாட்டியிடம் குனிந்து, “ப்ளே மைர் பாய்ன்?” என்று கேட்டிருக்கிறார். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். பாட்டி திரும்பிப் பார்த்து, தன் கையால் அவர் கையைப் பிடித்து இடுப்பில் வைத்துக் காட்டினாராம். இதற்கு மேல் நாங்கள் வாதாட வேண்டியதில்லை.

செலவு விவரம் இது. நிரல் எழுத 6,200 பவுண்டு. வடக்கு, தெற்குக் குரல் பதிவுக்கு 1,150. படங்களுக்கு 900. கைப்பேசி இல்லாத முதியவர்களுக்காக ஆறு பழைய டேப்லெட்டுகள் 720. அறை வாடகையும் வெப்பமூட்டும் கட்டணமும் 480. இரண்டு ஆண்டு சர்வர் வாடகை 350. குழுவினர் யாருக்கும் ஒரு பென்னி ஊதியம் கிடையாது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? முதல் 500 பவுண்டை, பெயர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்த ஸ்வான்சி மருத்துவத் தம்பதியர். பொங்கல் விழாவில் வடையும் சுண்டலும் விற்று வந்த பணத்தை உண்டியலோடு கொண்டுவந்து வைத்த நம் பெண்கள். மகள் முதன்முதலாக வெல்ஷில் கவிதை சொன்ன நாளன்று கடையின் அன்றைய லாபத்தை அப்படியே கொடுத்த கார்டிஃப் மளிகைக்கடை அண்ணன். ஓய்வூதியத்திலிருந்து மாதம் ஐந்து பவுண்டு தவறாமல் அனுப்பும் சிற்றாலயத்து மூதாட்டி. சில்லறையைச் சாக்லேட் டப்பாவில் போட்டு ஒட்டி அனுப்பிய பள்ளிப் பிள்ளைகள். கட்டணம் வாங்காமல் ஒலிப்பதிவுக் கருவிகளை இரவல் தந்த நண்பர். உங்கள் ஒவ்வொருவருக்காகவும் முருகன் சந்நிதியில் அர்ச்சனை செய்திருக்கிறோம். சிற்றாலயத்தில் அவர்கள் முறைப்படி வேண்டிக்கொண்டார்கள்.

மனம் கோணாமல் இன்னொன்றையும் கேளுங்கள். சென்ற கூட்டத்தில் கையை உயர்த்தி உறுதி சொன்னவர்களில் பாதிப்பேரிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை, அவரவர் நெஞ்சுக்குத் தெரியும். தாய்மொழியை நசுக்கினால் எப்படி வலிக்கும் என்று மேடையில் உருக்கமாகப் பேசுகிறோம். நம் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கும் நாட்டின் மொழி நம் கண்ணெதிரே ஒடுங்கும்போது பணப்பையைத் திறக்கத் தயங்கினால், அந்தப் பேச்சை நாளை நம் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். இந்த மக்களின் காவல் புனிதரான டேவிட் தம் கடைசிப் பிரசங்கத்தில் சின்னச் சின்னக் காரியங்களைச் செய்யச் சொன்னதாக மரபு. பத்து பவுண்டு சின்னக் காரியம்தான். 233 பேர் பத்துப் பத்தாகக் கொடுத்தால் பள்ளம் நிரம்பிவிடும்.

பணத்தைப் பொருளாளரிடம் நேரிலோ, குழுவின் வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம். எங்கள் கணக்கு பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் கீழ் இருப்பதால், இங்கே வருமான வரி கட்டுபவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையொப்பமிட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும், தயவுசெய்து மறக்காதீர்கள். ஆனால் அந்தத் தொகை பிறகுதான் வரும் என்பதால் 2,330 கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. மார்ச் 28-ஆம் தேதிக்குள் அனுப்பினால் வங்கித் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். இலக்கு எட்டாமல் போனால் யாருடைய பணம் வேண்டுமானாலும் கேட்டவுடன் திருப்பித் தரப்படும். வரவு செலவுக் கணக்கு ஏப்ரல் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
வெல்ஷ் பேச்சுப் பயிற்சி விளையாட்டுக் குழுவினர்,
கார்மார்தன்ஷயர், வேல்ஸ்