வீட்டாள் கூலி

பூம்பாறை
தை 20

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். டெல்லியில் குளிர் இன்னும் விடவில்லை என்று டிவியில் சொன்னார்கள். காதைக் கட்டிக்கொள். ராத்திரியில் தயிர் சேர்க்காதே. இங்கேயும் விடியக்காலம் உறைபனிதான், பூண்டுத் தாள் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. காட்டுமாடு வேலியை முறித்து ரெண்டு பாத்தியை மிதித்துவிட்டுப் போனது. அது கிடக்கட்டும்.

போன வாரம் வடுகபட்டியில் பழைய பூண்டுக்கு விலை பேசும்போது, "எம் மக டெல்லியில விவசாயச் செலவுக்குக் கணக்குப் போடுற அதிகாரி" என்றேன். மண்டிக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார், விலைதான் ஏறவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வந்தும் மலைப்பூண்டுக்கு அரசாங்க ஆதார விலை கிடையாது. நெல்லுக்கும் உளுந்துக்கும்தானே கைச்செலவோடு வீட்டாள் உழைப்புக்கும் கூலி போட்டுக் கூட்டி, அதற்கு ஒன்றரை மடங்கு ஆதார விலை என்கிறீர்கள்? 2018-லிருந்து அப்படி என்று நீதான் சொன்னாய். சொந்த நிலத்துக்குக் குத்தகை, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் வருகிற முழுச் செலவுக்குப் பெயர் சி2. பார், மறக்கவில்லை.

ஊரார் வீட்டுக் கணக்கெல்லாம் கேட்கிறவளுக்கு அப்பனுக்கு ஒரு போன் போட முடியவில்லை. பொங்கலுக்கு வந்தவள் கரிநாளன்றே பஸ் ஏறிவிட்டாய். காதைக் கட்டிக்கொள், சொல்லிவிட்டேனா.

வந்திருந்தபோது நீ என் செலவு டைரியை விரித்து, "அம்மாவுக்கு என்ன கூலிப்பா போட்டிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "வீட்டுப் பொம்பளைக்கு எவன் கூலி போடுவான்" என்று கத்திவிட்டேன். நீ போன பிறகு பரணில் இருந்த டைரி அத்தனையும் இறக்கிப் பார்த்தேன். விதைப்பூண்டு, சாணி, மருந்து, வண்டி வாடகை எல்லாம் இருக்கிறது. குதிரைக்குக் கொள்ளு வாங்கியதுகூட இருக்கிறது. உங்கம்மா இல்லை. பத்தாவது பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் பதினொரு நாள் நீ பூண்டு பிடுங்கினாயே, அந்தப் பக்கத்தில் "ஆள் கூலி மிச்சம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. என் கையெழுத்துதான்.

தை பத்திலிருந்து அம்மாவுக்கும் எழுதுகிறேன். நேற்று களை ஆறு மணி நேரம். விதைப்பூண்டை முடிந்து அடுப்புப் புகையில் தொங்கவிட்டது ஒரு மணி நேரம். "பின்னாடியே மணி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, போங்க அங்கிட்டு" என்று டைரியைப் பிடுங்கி அரிசிப் பானைமேல் வைத்துவிட்டாள்.

ஒரு சந்தேகம். களைக்கு வந்த நாலு ஆளுக்கும் அவள்தான் காப்பி போட்டுக் காட்டுக்குக் கொண்டுவருகிறாள். அந்த நேரம் எதில் சேரும், காட்டு வேலையிலா, வீட்டு வேலையிலா? இதற்குக் கடிதம் வேண்டாம். ராத்திரி எட்டுக்கு மேல் இங்கே டவர் கிடைக்கும்.

அப்பா