சேர்ந்து வந்து கேளுங்கள்

ஆசிரியருக்கு,

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்த தமிழர்களின் புலம்பெயர்வு பற்றி ஆராயப் பல்கலைக்கழக மாணவர்கள் கோத்தகிரி, கூடலூர் பக்கம் வருகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வரலாறு படிப்பவர் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் அதில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேரையும் பற்றிக் கேட்கிறார், பொருளியல்காரர் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டக் கூலியைக் குறித்துக்கொள்கிறார், தமிழ்த்துறை மாணவி தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்துகொண்டு போகிறார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி இந்த மலைக்கு வந்த பாட்டியிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எப்போது வந்தீர்கள்? அவரும் சலிக்காமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைக் காட்டுவார். அந்த அட்டையில் யார் பெயர் விட்டுப்போனது, எந்த அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார் என்று கேட்க, சட்டம் படிப்பவரும் மானிடவியல் படிப்பவரும் சேர்ந்தல்லவா உட்கார வேண்டும்? வயதானவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். துறைத் தலைவர்கள் மனது வைத்து இரண்டு மூன்று துறைகளுக்கு ஒரே களப்பணியாகப் போட்டால் என்ன? அப்புறம், முடித்த ஆய்வேட்டில் ஒரு பிரதியை எங்கள் ஊர் நூலகத்துக்கும் அனுப்புங்கள், நாங்களும் படிப்போம்.

- ஒரு வாசகர், கோத்தகிரி