பாஸ்வேர்ட் சரி, ஆனால் டிவி சர்வர் உள்ளே விடவில்லையா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டு டிவி சர்வர் வைத்திருப்பவர்கள் பலர் அண்மையில் ஒரே புகாரோடு அழைக்கிறார்கள்: "பாஸ்வேர்ட் சரியாகத்தான் போடுகிறோம், திரும்பத் திரும்பக் கேட்கிறது." நாங்கள் முதலில் கேட்பது, "இணையச் சேவையை மாற்றினீர்களா? புது ரௌட்டர் வந்ததா?" என்றுதான். பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வருகிறது. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

உங்கள் வீட்டிலுள்ள சின்னப் பெட்டி, ஆண்டெனாவில் வரும் மைடிவி (மலேசியாவின் இலவச டிஜிட்டல் டிவி) ஒளிபரப்பை வாங்கி வீட்டு வைஃபை வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்புகிறது. அதனுள் ஓடும் மென்பொருள் டிவிஹெட்எண்ட். யாராவது உள்ளே வரும்போது அது பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் பார்ப்பதில்லை, எந்த ஐபி முகவரியிலிருந்து (ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) வருகிறார்கள் என்றும் பார்க்கிறது. பொருத்தும்போது உங்கள் வீட்டு முகவரி வரம்பை, எடுத்துக்காட்டாக 192.168.1.0/24 (அதாவது 192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) என்று, நாங்கள் பதிந்திருப்போம். புது ரௌட்டர் 192.168.0 என்றோ 192.168.100 என்றோ தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால், உங்கள் சொந்த டிவியே பெட்டிக்கு வெளியாளாகிவிடும். அப்புறம் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பயன் இல்லை.

சில வீடுகளில் உலாவியில் பெட்டியின் அமைப்புப் பக்கமே திறக்காது. பெட்டிக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அது இன்னும் பழைய வரம்பிலேயே உட்கார்ந்திருக்கும். ரௌட்டர் வேறு வரம்பில் இருப்பதால் இரண்டும் சந்திப்பதே இல்லை.

இரண்டுக்கும் எளிய மருந்து ஒன்றுதான். பெட்டியைத் தொடாதீர்கள், ரௌட்டரின் அமைப்பை மாற்றுங்கள். புது ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் லேன் முகவரியை (வீட்டுக்குள் ரௌட்டருக்கு உள்ள முகவரி) பழைய ரௌட்டரில் இருந்ததுபோலவே வைத்துவிட்டு, டிவி, கைப்பேசி எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிட நிம்மதியான வழி கிடையாது.

ரௌட்டரில் அதை மாற்ற முடியவில்லையா? பெட்டியின் பக்கம் திறக்கிறதென்றால், எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசர் கணக்கைப் பயன்படுத்துங்கள். பொருத்திய அன்று உறையில் வைத்துக் கொடுத்தோமே, அதுதான். முகவரி வரம்பு அந்தக் கணக்கைத் தடுக்காது. உலாவியில் பெட்டியின் முகவரியோடு 9981 என்ற போர்ட்டை (பெட்டிக்குள் நுழையும் வாசல் எண்) சேர்த்துத் திறந்து, கான்ஃபிகரேஷன், யூசர்ஸ், ஆக்சஸ் எண்ட்ரீஸ் என்று போங்கள். அலவ்ட் நெட்வொர்க்ஸ் கட்டத்தில் புது வரம்பைச் சேர்த்துச் சேமியுங்கள். உலாவி பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும். பிரைவேட் விண்டோவில் திறந்தால் தொல்லை இல்லை.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பெயருக்கான அனுமதிகள் ஆக்சஸ் எண்ட்ரீஸிலும், அதன் பாஸ்வேர்ட் பக்கத்திலுள்ள பாஸ்வேர்ட்ஸ் பட்டியலிலும் பதிவாகின்றன. இரண்டு இடத்திலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். உலாவியில் நுழைய முடிகிறது, டிவியில் நிகழ்ச்சி பார்க்கும் கோடி (Kodi) செயலி மட்டும் மறுக்கிறது என்றால், அந்தக் கணக்குக்கு ஹெச்டிஎஸ்பி (HTSP, கோடி பெட்டியோடு பேசும் முறை) அனுமதி டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோடி பேசுவது 9982 போர்ட்டில்.

யூடியூபில் யாராவது "நோஏசிஎல் போட்டு ஓட்டுங்கள், எல்லாம் திறந்துவிடும்" என்று சொல்லியிருப்பார்கள். நோஏசிஎல் (noacl) என்பது டிவிஹெட்எண்டைத் தொடங்கும்போது சேர்க்கும் ஒரு கட்டளை. திறக்கும்தான், எல்லாருக்கும்! அனுமதிச் சோதனை முழுவதையுமே அது எடுத்துவிடுகிறது. எங்களிடம் வந்த சில பெட்டிகள் அப்படியே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. தயவுசெய்து வேண்டாம்.

கோலாலம்பூரில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டு டிவி வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதற்காக ரௌட்டரில் 9981-ஐ வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். அந்தப் பக்கம் மறையாக்கம் இல்லாத சாதாரண ஹெச்டிடிபி. தவிர, சில இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருவதால், திறந்தாலும் வெளியிலிருந்து எட்டாது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) தான் நல்லது. அப்போது பிள்ளையின் கைப்பேசி 100.64.0.0/10 வரம்பிலிருந்து வரும். அதையும் அலவ்ட் நெட்வொர்க்ஸில் சேர்க்க மறந்தால் பழைய கதைதான்.

"நோ ஃப்ரீ அடாப்டர்" என்று வந்தால் அது நுழைவுப் பிரச்சினை இல்லை. பெட்டியில் ஒரே டியூனர் (ஒளிபரப்பைப் பிடிக்கும் கருவி) இருக்கிறது, வேறு அறையில் யாரோ வேறு அலைவரிசைத் தொகுப்பிலுள்ள (ஒரே அலையில் சேர்ந்து வரும் சேனல்கள்) சேனலைப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டாவது டியூனர் போட்டுத் தருகிறோம்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியவை: திரையில் வரும் பிழையின் படம், உங்கள் கைப்பேசியின் வைஃபை பக்கத்தில் தெரியும் ஐபி முகவரி, ரௌட்டர் எப்போது மாறியது என்ற விவரம். பாஸ்வேர்டை அனுப்ப வேண்டாம், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

அன்புடன்,
கடை ஊழியர்கள்
லெபோ பாசார், பினாங்கு