கேடயத்தில் இடம் விடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ ஆயராக, அதாவது பிஷப்பாக, வைத்துக்கொள்ளப்போகும் இலச்சினையின் படத்தை வெகுநேரம் பார்த்தேன். கண்ணில் பட்ட பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேடயத்துக்கு மேலே இருக்கும் தொப்பியின் குஞ்சங்களை எண்ணினேன். பக்கத்துக்கு 10 இருக்கிறது. அது பேராயருக்கு உரியது. ஆயருக்குப் பச்சைத் தொப்பியும், ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கும் 6 குஞ்சமும்தான். வரைந்தவரிடம் சொல்லித் திருத்து.

போர்வீரனுக்குத் தலைக்கவசம் வைக்கிற இடத்தில் குருவுக்கு வெறும் தொப்பி. அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இனி கேடயம். புறா, திராட்சைக்கொடி, விளக்கு, நூல், மீன், விண்மீன், கடைசியில் எனக்காக ஒரு தூரிகை. ஏழு! நாற்பது வருஷம் விளம்பரப் பலகை எழுதினவன் சொல்கிறேன், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தெரியாதது பலகையில் இருந்தும் பிரயோஜனமில்லை. 2013-ல் போப் பிரான்சிஸ் திருத்தந்தையின் சின்னத்தில் புனித யோசேப்புக்காக வரைந்த பூங்கொத்து பலர் கண்ணுக்குத் திராட்சைக்குலையாகத் தெரிந்தது. சில நாளிலேயே திருத்தி வரைந்தார்கள்.

வெள்ளைக் களத்தில் பொன் விண்மீன் வேறு வைத்திருக்கிறாய். மஞ்சள் என்றால் பொன், வெள்ளை என்றால் வெள்ளி. உலோகத்தின் மேல் உலோகம் கூடாது என்பது இந்தக் கலையின் பழைய விதி. ஏணியில் நின்று நான் கற்றதும் அதுதான். வெள்ளை மேல் மஞ்சளில் எழுதினால் வெயிலில் எழுத்தே தெரியாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் கேடயத்தைப் பார். நீலக் களம், நடுவிலிருந்து விலகி நிற்கும் பொற்சிலுவை, அதன் கீழே மரியாவுக்காக 'எம்' என்ற ஒரே எழுத்து. மற்றதெல்லாம் வெறும் நீலம். சிலுவையடியில் தாய் நின்றதை அதற்குமேல் எப்படிச் சொல்வது?

பெனடிக்ட் திருத்தந்தையின் கேடயத்தில் இருக்கும் கரடிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ரோமுக்குப் போகும் வழியில் புனித கோர்பினியனின் பொதிக்குதிரையைக் கரடி கொன்றுவிட்டதாம். அவர் மூட்டையை அந்தக் கரடி முதுகிலேயே கட்டி, ரோம் சேர்ந்ததும் அதை அவிழ்த்துவிட்டார். ஜெர்மனியில் முனிக் பேராயரானபோதே இந்தக் கரடியைத் தன் கேடயத்தில் வைத்துக்கொண்டவர் பெனடிக்ட். தானும் மூட்டையோடு ரோமுக்கு வந்துவிட்டதாகவும், விடுதலை எப்போது என்று தெரியவில்லை என்றும் பிறகு எழுதினார்.

ராசா, உன் ஏழில் நீ சுமக்கப்போவது எது? அம்மாவின் கடைசி இரவில் மின்சாரம் போய், விடியும்வரை நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கை மாற்றித் தரச் சொல்லியும் தரவில்லை. அந்த விளக்கு இருக்கட்டும். நீலக் களத்தில், பொன் நிறத்தில். விண்மீனும் இருக்கலாம். தூரிகையை எடுத்துவிடு, எனக்கு வருத்தமில்லை.

விருதுவாக்கு நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே.

திருத்திய படத்தைச் சீக்கிரம் அனுப்பு. மரப்பலகையில் முதல் பிரதியை நான்தான் எழுதுவேன். நீலம் இரண்டு பூச்சு அடித்துக் காயவிட வேண்டும்.

அப்பா