குடியிருந்தபடியே மராமத்து: வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கித் தரும்படி பலர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீடுகளில் பெரும்பாலானவை திருவரங்கத்தின் பழைய வரிசை வீடுகள். வேலை முடியும்வரை வேறு வீடு பார்த்துப் போகாமல், அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள். அதனால் மதிப்பீட்டுத் தாளோடு இந்த மடலையும் சேர்த்து அனுப்புகிறோம். பெரியவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எங்கள் நிபந்தனைகள் மூன்று. வேலை நடக்கும் எந்த நாளிலும் வீட்டில் ஓர் அடுப்பு எரிய வேண்டும். ஒரு கழிப்பறை பயன்பாட்டில் இருக்க வேண்டும். தூசி நுழையாத ஓர் அறையில் நீங்கள் படுத்துறங்க வேண்டும். இவற்றுக்கு வழி செய்யாமல் சுவரில் உளி வைக்க மாட்டோம். வேலை அழகாக முடிந்தும் குடும்பமே நொந்துபோன வீடுகள் உண்டு. விசாரித்தால், இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

முதலில் வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வரிசை வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம் எல்லாம் கடந்து கடைசியில்தான் சமையலறையும் கொல்லையும் வரும். இடித்துக் கட்ட வேண்டிய சமையலறையும் குளியலறையும் பின்னால் இருக்கின்றன. மணலும் சிமெண்டும் வாசலில் இறங்குகின்றன. கொல்லைப்புறத்தில் சந்து இல்லாத வீட்டில், உள்ளே போகும் ஒவ்வொரு மூட்டையும் வெளியே வரும் ஒவ்வொரு கூடை இடிபாடும் உங்கள் கூடத்தின் நடுவே போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே கூடத்தின் ஒரு பக்கத்தை முழுவதும் ஒழித்துத் தாருங்கள். தரையில் சாக்கு விரித்து அதன்மேல் பிளைவுட் பலகை போடுவது எங்கள் பொறுப்பு. பழைய சிவப்புத் தரையில் சிமெண்டுக் கலவை சிந்திக் காய்ந்தால் கறை போகாது. பலகையின் அடியில் ஒரு கல் மாட்டினால் கீறலும் விழும். அந்த மெருகை இன்று திரும்பக் கொண்டுவரும் கைகள் மிகக் குறைவு. அதனால் தினமும் மாலையில் பலகையைத் தூக்கி அடியில் பெருக்கச் சொல்லியிருக்கிறோம். செய்யாவிட்டால் எங்களைக் கேளுங்கள்.

தூசி அடுத்த பெரிய பாடு. கண்ணுக்குத் தெரியும் தூசி துடைத்தால் போய்விடும். டைல்ஸையும் கான்கிரீட்டையும் கட்டரால் அறுக்கும்போது எழும் நுண்துகள் அப்படியல்ல. அதில் சிலிக்கா இருக்கிறது. காற்றில் நெடுநேரம் மிதக்கும், நுரையீரலின் ஆழம்வரை போகும். அறுக்கும் வேலை எல்லாவற்றையும் கொல்லையில், தண்ணீர் விட்டுக்கொண்டேதான் செய்வோம். குழாயும் ஒயரும் பதிக்கச் சுவரில் காடி எடுப்பதை மட்டும் வெளியே கொண்டுபோக முடியாது. அன்று அந்த அறைக் கதவின் இடுக்குகளை டேப் ஒட்டி மூடி, கதவின் அடியில் ஈரச் சாக்கு வைத்து, ஜன்னலில் வெளிப்புறமாகக் காற்றைத் தள்ளும் விசிறி பொருத்துவோம். நீங்கள் பக்கத்து அறைகளில் மின்விசிறியும் ஏசியும் ஓட்டாதீர்கள். மாலையில் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூசி மறுபடி எழும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. பீரோவின் கதவு இடுக்கிலும் ஒரு வரி டேப் ஒட்டுங்கள், பட்டுப் புடவைகள் தப்பும். ஃபிரிட்ஜைப் போர்த்துவதானால் பின்பக்கத்தை மூடாதீர்கள், சூடு வெளியேற வேண்டும்.

பழைய கதவு, ஜன்னல்களில் பெயிண்ட் சுரண்டும் நாட்களுக்குத் தனிக் கவனம் தேவை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே கொண்டு வேலை செய்கிறோம்: உலர்வாகத் தேய்ப்பதில்லை, தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகவே தேய்ப்போம். அந்த நாட்களில் சிறு குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வீட்டில் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பல இடங்களில் ஒரே சுவர். நாம் இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் மாட்டியிருக்கும் படம் ஆடும். வேலைக்கு இரண்டு நாள் முன்னதாக நீங்களே போய்ச் சொல்லி, அவர்கள் வீட்டுப் படங்களையும் கடிகாரத்தையும் இறக்கிவைக்கச் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவர்கள் மனம் கோணாது. பிற்பகல் ஒன்றரை முதல் மூன்று மணிவரை அடித்து உடைக்கும் வேலை வைத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் வீட்டுத் தஞ்சாவூர் ஓவியங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டாம். ஈரம் உள்ளே தங்கும். பருத்தித் துணியில் சுற்றி நிற்கவைத்தால் போதும்.

தற்காலிகச் சமையலுக்குத் தாழ்வாரம் நல்ல இடம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் உருளையை மூடிய அறையிலோ பள்ளமான மூலையிலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேசையில் வையுங்கள். எங்கள் அறுக்கும் கிரைண்டரிலிருந்து பொறி பறக்கும் பக்கம் உருளை இருக்கவே கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்பவர்களுக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்றைத் தனியாக இழுத்துத் தருகிறோம்; எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருக வேண்டாம். எங்கள் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் பொருத்திய தனிப் பலகை கொண்டுவருவோம். எந்த நாளும் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கு மின்சாரம் திரும்பிவிடும்.

குளியலறை இரண்டு இருந்தால் ஒன்றை முடித்த பிறகே மற்றதைத் தொடுவோம். ஒன்றே இருக்கும் வீட்டில், கொல்லையில் தற்காலிகக் கழிப்பறை அமைத்த பிறகே இடிப்போம். ஒரு குளியலறைக்கு ஏறத்தாழ மூன்று வாரம் கேட்கிறோம். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்தபின் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் கொத்தனார் யாரும் வராததால் வேலை நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த ஈரத்தில்தான் சிமெண்டு உறுதி பெறுகிறது. தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

வயதானவர்கள் இரவில் எழுந்து போகும் வழியை எங்களிடம் காட்டுங்கள். அந்த வழியில் எந்தப் பொருளும் வைக்காமல், ஓர் இரவு விளக்கு மாட்டித் தருவோம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், காடி எடுக்கும் சில நாட்களுக்கு மட்டுமாவது உறவினர் வீட்டில் இருப்பது நல்லது.

இன்னொன்றை மனம்விட்டுச் சொல்கிறோம். ஆசாரம் பார்க்கும் வீடுகளில், வேலை செய்பவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவதற்குத் தயக்கம் இருக்கிறது. உங்கள் பூஜை அறையையும் மடியையும் நாங்கள் மதிக்கிறோம். பெருமாளை எந்த அறைக்கு எழுந்தருளச் செய்வது என்று நீங்கள் சொல்லும்வரை அந்தப் பக்கம் போக மாட்டோம். ஆனால் காலை முதல் மாலைவரை கலவை சுமக்கும் சித்தாள் பெண்ணுக்கு ஒரு கழிப்பறையும் குடிக்க நல்ல தண்ணீரும் இருந்தே ஆக வேண்டும். கொல்லையில் தனியாக அமைத்துத் தரச் சொன்னால் செய்கிறோம். அதற்கும் இடமில்லை என்றால் அந்த வேலையை நாங்கள் ஏற்பதில்லை.

டைல்ஸ், குழாய், பெயிண்ட் நிறம் எல்லாவற்றையும் வேலைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இடையில் மாற்றினால் நாளும் கூடும், பணமும் கூடும். எந்தக் கூடுதல் வேலையையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் செய்ய மாட்டோம்.

மொட்டைமாடி வேலையை வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர்வரை எடுப்பதில்லை. மரக்கட்டை பாவிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளத்தை மழையில் திறந்துவிட்டால் உத்திரத்தில் ஈரம் ஏறும், பின்னாலேயே கறையான் வரும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின்போதும் தேரோட்ட நாட்களிலும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் லாரி நுழைய முடியாது. சரக்கை முன்பே இறக்கிவிடுவோம்.

வரும் வாரங்களில் எங்கள் மேஸ்திரி உங்கள் வீட்டுக்கு வருவார். பிள்ளைகளின் பொதுத்தேர்வு நாட்கள், வீட்டில் திதி வரும் நாட்கள், யாருக்காவது அறுவை சிகிச்சையோ பிரசவமோ இருந்தால் அந்த நாட்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அதை வைத்துத்தான் வேலை அட்டவணையைப் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் மராமத்துப் பணிக்குழுவினர்
திருவரங்கம், திருச்சி