டாப்சிலிப் போட்டோ டூர்: கைடுக்குச் சம்பளம் கொடுங்கள், டிப்ஸை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் இப்போது கேமரா வைத்திருக்கும் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண ஆர்டருக்காக வாங்கிய கேமராவில் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 150-600 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஆழியாறு செக்போஸ்ட்டில் வந்து நிற்கிறார்கள். சந்தோஷம்தான், வேறு எங்கேயோ போய் உட்காருவதற்கு இது எவ்வளவோ மேல். இவர்களை நம்பி "ஒரு நாள் வைல்டுலைஃப் போட்டோகிராஃபி டூர்" என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் விடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். காலை டிபன், வண்டி, கைடு, மாலை டீ எல்லாம் சேர்த்து ஒரு ரேட்டு. போஸ்டரின் அடியில் பெரிய எழுத்தில் "சைட்டிங் கியாரண்டி", அதாவது மிருகம் கண்ணில் படுவது நிச்சயமாம். எனக்கு உறுத்துவது இந்தக் கியாரண்டிதான்.

ஆனைமலைக் காட்டில் யாராலும் எதற்கும் கியாரண்டி கொடுக்க முடியாது. கர்நாடகத்துக் கபினி, பந்திப்பூர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. அங்கே காடு வறண்டது, பாதையும் குட்டையும் திறந்து கிடக்கும், தண்ணீர் குறையக் குறைய மிருகங்கள் கரையோரம் வந்துதான் ஆக வேண்டும். இங்கே 1989இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தது கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகியவற்றைச் சேர்த்து, கிட்டத்தட்ட 117 சதுர கிலோமீட்டர். மஞ்சம்பட்டி வறண்ட பக்கம், அதை விடுங்கள். புல்மலைக்குச் சுற்றுலா ஆட்களை விடுவதில்லை. சுற்றுலா ஆட்கள் போகும் டாப்சிலிப்பை ஒட்டிய கரியன் சோலை அசல் மழைக்காடு. இருபது அடி தள்ளி ஒரு காட்டெருமை நின்றால் உடம்பு தெரியாது, சாக்ஸ் போட்டதுபோல் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்குமே, அது மட்டும் நாலு கோடாகத் தெரியும், அதுவும் கூட வருகிற ஆள் கையைக் காட்டினால்தான். காலை ஒன்பது மணிக்கும் உள்ளே வெளிச்சம் இருக்காது, கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றினாலும் கருமந்தியின் முகம் கருப்பாகவே விழும். தேக்கு நட்ட பகுதிகளில் இலை உதிர்ந்தபின் தூரம் வரை பார்க்கலாம், ஆனால் அந்த மாதங்களில்தான் காட்டுத்தீ பயம், வனத்துறை உள்ளே விடாமல் மூடுவதும் அப்போதுதான்.

அப்புறம் எப்படிக் கியாரண்டி? துரத்தித்தான்.

வால்பாறைப் பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். டூர் நடத்தியவர் யார் என்பது இங்கே வேண்டாம், ஒருவரைச் சொல்லி என்ன, இந்தத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. எஸ்டேட் ரோட்டுக்குக் கீழே தேயிலைக்குள் ஒரு யானைக் கூட்டம், குட்டியோடு, எதிர்ச் சரிவில் இருக்கும் சோலைக்குப் போவதற்காக ரோட்டைத் தாண்டக் காத்திருந்தது. எங்களோடு வந்த கைடு மலசர் சமூகத்துக்காரர், முன்பு வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். இஞ்சினை அணைக்கச் சொன்னார். "சார், பெரிசு காதை விரிச்சு நிக்குது பாருங்க, அஞ்சு நிமிஷம் விட்டா அதுவா போயிரும்" என்றார். பின்சீட்டில் இருந்தவருக்கு அந்த ஐந்து நிமிஷம் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து எடுத்தால் வால்தான் வருமாம், முன்னால் போக வேண்டுமாம். ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு டிரைவரின் தோளைத் தாண்டி நீண்டது. ஜீப் நகர்ந்தது. கைடு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் தாண்டவில்லை, திரும்பித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. படம் நன்றாக வந்தது என்று சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படித் திரும்பிய யானைகள் பகல் முழுக்கத் தேயிலைக்குள்ளேயே நிற்கும். பொழுது சாய்ந்ததும் அந்த வழியில்தான் எஸ்டேட் ஜனங்கள் தங்கள் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்து போக வேண்டும். வால்பாறையில் யானையால் செத்தவர்கள் பலர் இப்படி அந்தி நேரத்தில், யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் மாட்டியவர்கள்தான். அதனால்தான் அங்கே யானை நிற்கும் இடத்தை ஜனங்களுக்கு மெசேஜில் சொல்வதும் சிவப்பு விளக்கு எரிய விடுவதும் வந்தது. நாம் படம் எடுத்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் பொள்ளாச்சியில் இருப்போம்.

யானை பெரிசு, அதனால் கண்ணில் படுகிறது. இருவாச்சிப் பறவைக்கு நடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. பெட்டை மரப்பொந்துக்குள் போய், எச்சத்தையும் இரைத் துணுக்கையும் குழைத்து வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு மூக்கு நுழையும் பிளவை மட்டும் விட்டு மாசக்கணக்கில் உள்ளேயே இருக்கும். சோறு போடுவது சேவல் ஒன்றுதான். அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து மரத்தில் தொற்றி, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அலகு நுனியில் வைத்து ஊட்டும். கீழே பத்து ட்ரைபாட் நின்றால் சேவல் கூட்டுக்கு வராது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து பார்க்கும், பறந்துவிடும், மறுபடி வரும். நாம் "இன்னும் வரவில்லையே" என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்போம், உள்ளே இருப்பது பட்டினி. சின்னப் பறவைகளுக்கு இன்னொரு கொடுமை, ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதே இனத்தின் குரலைப் போடுவது. எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டுவிட்டு அது கிளைக்குக் கிளை தாவிக் கத்தும், இவர்கள் பர்ஸ்ட்டில், விரலை எடுக்காமல் தொடர்ச்சியாக, முந்நூறு கிளிக் அடிப்பார்கள்.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். வேட்டை என்பதற்கு அது தரும் விளக்கத்தில் சுடுவது, பொறி வைப்பதோடு மிருகத்தை விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வது எல்லாம் வருகிறது. சரணாலயத்துக்குள் எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்ற பட்டியலில் போட்டோகிராஃபியைத் தனியாகவே போட்டிருக்கிறார்கள். ஆக, சட்டம் நம்மை உள்ளே விடாமல் தடுக்கவில்லை. நடத்தும் முறைதான் கோணல்.

காட்டைச் சுற்றிக் காட்ட வனத்துறை வேன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது போதும், நல்ல ஏற்பாடும்கூட. படம் எடுக்க அது உதவாது. டிக்கெட் வாங்கி, வேன் நிறையக் காத்திருந்து கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடும், இஞ்சின் அதிர்விலும் ஜன்னல் சண்டையிலும் லென்ஸை நிலையாகப் பிடிக்க முடியாது, குழந்தைகள் மானைப் பார்த்துக் கத்தாமலா இருப்பார்கள். இந்த இடைவெளியில்தான் கியாரண்டி ஆட்கள் நுழைகிறார்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். போட்டோ எடுக்கிறவர்களுக்கென்று தனியாக, நாலைந்து பேருக்கு மேல் இல்லாமல், காலையில் கேட் திறந்ததும் கிளம்பும் ஒரு நாள் பயணத்தை வனத்துறையே நடத்தட்டும். கைடாகக் காடர், மலசர், முதுவர், புலையர் குடியிருப்புகளில் இருக்கும் ஆட்களையே போடுங்கள். அவர்களுக்கு நாள் சம்பளத்தை நாங்கள் கட்டும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள், மிருகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதே சம்பளம். டிப்ஸ் கொடுத்தால் அபராதம். சைட்டிங்கைப் பொறுத்துக் காசு என்று இருக்கும் வரை எவ்வளவு நல்ல மனுஷனும் வண்டியை இன்னும் பத்தடி முன்னால் விடத்தான் செய்வார், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. "போதும், திரும்புங்க" என்று கைடு சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது என்று டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். பரம்பிக்குளத்துக்கு நம் டாப்சிலிப் வழியாகத்தான் ரோடு என்றாலும் கேரளாக்காரர்கள் அங்கே பழங்குடி ஆட்களைக் கைடாக வைத்துச் சுற்றுலா நடத்திக் காட்டிவிட்டார்கள், இங்கே மட்டும் ஏன் முடியாது?

கட்டணம் கூடும், உண்மைதான். ஆனால் கர்நாடகத்தில் செய்வதுபோல லென்ஸ் நீளத்தைப் பார்த்துக் கேமரா கட்டணம் போட்டுவிடாதீர்கள், எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நீள லென்ஸ்காரன் தள்ளி நின்றே எடுத்துக்கொள்வான், கிட்டே போகிறவன் செல்போன்காரன்தான். வால்பாறை ரோட்டின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாட்டின் மூக்குக்கு நேரே சிப்ஸ் பாக்கெட்டோடு நிற்பவர்கள் யாரிடமும் 600 எம்எம் இல்லை.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. வாசகர்கள் அனுப்பும் வனவிலங்குப் படங்களை நீங்கள் தாராளமாகப் போடுகிறீர்கள், எங்களுக்கும் அதில் ஆசைதான். கூட்டில் எடுத்த படங்களைத் தயவுசெய்து போடாதீர்கள். மற்ற படங்களிலும் எஸ்டேட் பெயர், வளைவு நம்பர் எல்லாம் வேண்டாம், ஆனைமலை என்று போட்டால் போதும். போன வாரம் வந்த படத்தின் கீழே இடம் தெளிவாக இருந்தது, திங்கட்கிழமையே எங்கள் குரூப்பில் நாலு பேர் வழி கேட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பொள்ளாச்சி.