அந்தக் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த தென்னாப்பிரிக்காவின் 'வைல்ட் கோஸ்ட்' புகைப்படத் தொகுப்பு அருமை. குன்றிலிருந்து நேரே கடலில் விழும் வாட்டர்ஃபால் பிளஃப் அருவியை இவ்வளவு நல்ல வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. டர்பனில் வசிக்கும் காமிரா பைத்தியம் நான். லீவு கிடைத்தால் தெற்கே அந்தப் பக்கம்தான் போவேன். அதனால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை படங்களிலும் ஒரு மனிதர்கூட இல்லை. போதாக்குறைக்கு 'மனிதக் காலடி படாத கரை' என்று குறிப்பு வேறு!

அமாம்போண்டோ மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் பாறைகளில் சிப்பி பெயர்க்க இறங்குவார்கள். தூண்டில் போடுபவர்கள், சிங்கி இறால் பிடிப்பவர்கள் என்று யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். மணலில் வந்து படுத்துக்கொள்ளும் மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை படத்துக்குள் வராமல் எடுப்பதுதான் கஷ்டம்.

2021 இறுதியில் ஷெல் நிறுவனத்துக்காக 'அமேசான் வாரியர்' என்ற ஆய்வுக் கப்பல் அந்தக் கடலுக்கு வந்தது. கடலடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று அறிய, காற்றழுத்தத் துப்பாக்கிகளால் சில விநாடிக்கு ஒருமுறை, இரவு பகலாக, மாதக்கணக்கில் வெடியோசை எழுப்புவது திட்டம். கிடைத்தால் அப்புறம் துளையிடலாம். இந்த ஓசையை எந்தக் காமிராவாலும் பிடிக்க முடியாது. திமிங்கலம் போன்ற கடல் உயிர்களுக்குத்தான் கேட்கும். கரையிலிருந்து படம் எடுத்தால் கடல் வழக்கம்போல அழகாகத்தான் விழும்.

கரையோர மக்கள் தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று மக்காண்டா உயர் நீதிமன்றம் இந்த ஆய்வுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022 செப்டம்பரில், 2014இல் கொடுக்கப்பட்டிருந்த ஆய்வு உரிமையையே ரத்து செய்தது. கடல்வாழ் உயிர்களுக்கு வரக்கூடிய கேடும் பருவநிலையும் பேசப்பட்டன. ஆனால் வழக்கின் முதுகெலும்பு வேறு: கரையோர மக்களிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை. ஆங்கில, ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பத்திரிகைகளில் அறிவிப்பு போட்டு, பாரம்பரியத் தலைவர்களிடம் பேசியதோடு சரி. முன்னோர் கடலில் உறைகிறார்கள் என்ற கரையோர மக்களின் நம்பிக்கையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. ஆளில்லாத கரை என்றால் இந்த வழக்கே நின்றிருக்குமா?

கதை அதோடு முடியவில்லை என்பது வேறு விஷயம். உரிமை வழங்கியது சட்டப்படி தவறு என்பதை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதைப் புதுப்பிக்கக் கேட்கும் வழியைத் திறந்தே வைத்துவிட்டது.

ஆளில்லாத இயற்கை என்ற கற்பனை எண்ணெய்க் கம்பெனிக்கு மட்டும் வசதியானதல்ல. அதே கரையில் உள்ள ட்வேசா-க்வேபே இயற்கைக் காப்பகத்தில் மீன்பிடிக்கத் தடை போட்டு, 2010இல் உள்ளூர்க்காரர்களைக் கைதும் செய்தார்கள். வழக்கப்படி மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2018இல்தான் தீர்ப்பு வந்தது.

உங்கள் புகைப்படக்காரர் திறமைசாலி. அடுத்த முறை அவர் சிப்பி பெயர்ப்பவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்களையும் எடுக்கட்டும். சம்மதித்தால் பெயரோடு போடுங்கள். அந்த ஊர் இளைஞர்கள் எடுத்த படங்களுக்கும் நாலு பக்கம் ஒதுக்கினால் நல்லது. அதற்கு முன்னால், 'காலடி படாத' குறிப்புக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், டர்பன்